பேசாதவரிடமிருந்து தொடங்குவோம்



இந்த அரங்கில் நூலக வாசகர் வட்டம் நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். மகளிர் சுயஉதவிக் குழு ஊக்குநர்கள் வந்திருக்கிறீர்கள். ஆசிரியர்கள், முதியோர் இல்லங்களுக்குப் போய்வரும் தன்னார்வலர்கள், ஊராட்சி வார்டு உறுப்பினர்கள் என்று பலரையும் பார்க்கிறேன். உங்கள் எல்லோருக்கும் ஒரு வேலை பொது. பத்துப் பேரையோ நூறு பேரையோ கூட்டி உட்காரவைத்து, தங்களுக்குள் பேசவைப்பது. மேடையில் நின்று பேசுவதைவிட இது கடினம். மேடைப் பேச்சாளர் தம் பேச்சுக்குப் பொறுப்பேற்றால் போதும். கூட்டம் நடத்துபவர் அடுத்தவர் பேச்சுக்கும் பொறுப்பு, அடுத்தவர் வாய்மூடி உட்கார்ந்திருப்பதற்கும் பொறுப்பு.

இப்படிப்பட்ட கூட்டங்களுக்கென்று உலகெங்கும் பல முறைகள் உருவாகியிருக்கின்றன. பயிற்சி முகாம்களில் அவற்றை அச்சடித்துக் கையில் கொடுக்கிறார்கள். வட்டமாக உட்காருங்கள், இத்தனை நிமிடம் பேசுங்கள், இந்தக் கேள்வியைக் கேளுங்கள் என்று அந்தத் தாளில் இருக்கும். ஊருக்குத் திரும்பி அப்படியே செய்து பார்த்தால் ஓரிடத்தில் அருமையாக நடக்கிறது. இன்னோரிடத்தில் ஐந்தாவது நிமிடத்திலேயே எல்லோரும் தரையைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். முறையில் குறையா, மக்களிடம் குறையா என்று நடத்துபவர் குழம்பிப்போகிறார். இரண்டிலும் குறை இல்லை. அந்த முறை வேறோர் ஊரில், வேறு வகை மனிதர்களின் மௌனத்தைக் கலைப்பதற்காக உருவானது. நம் ஊர்க்காரர் பேசாமல் இருப்பதற்குக் காரணம் வேறு.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் குறுக்கீடு இல்லாமல் ஒரு முறை பேச இடம் கிடைக்கவேண்டும். எந்த இடத்துக்குப் போனாலும் இதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நேரம், இடம், கேள்வி, உட்காரும் விதம், யார் நடத்துவது, முடிவில் தீர்மானம் உண்டா இல்லையா, எல்லாவற்றையும் மாற்றலாம். மாற்றுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்றைப் பார்க்கவேண்டும்: இந்த இடத்தில் யார் பேசமாட்டார், ஏன் பேசமாட்டார்?

ஓர் எடுத்துக்காட்டோடு தொடங்குகிறேன். 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் விக்கி ராபின் என்ற எழுத்தாளர், சூசன் பார்ட்னோ, ஹபீப் ரோஸ் ஆகியோரோடு சேர்ந்து 'கான்வர்சேஷன் கஃபே' என்ற முறையை உருவாக்கினார். காப்பிக்கடையில் முன்பின் அறியாதவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு பொருளைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு மேசைக்கு ஐந்திலிருந்து எட்டுப் பேர். கல்லோ பேனாவோ ஏதாவது ஒன்று கைமாறிக்கொண்டே வரும். அதைக் கையில் வைத்திருப்பவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் கேட்கவேண்டும். வட அமெரிக்கத் தொல்குடிகளின் வட்டக் கூட்டங்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம் அது. முதல் சுற்றில் ஒவ்வொருவரும் ஓரிரு நிமிடம் பேசுவார். இரண்டாம் சுற்றில், மற்றவர்களிடம் கேட்டதை மனத்தில் வைத்து மறுபடி ஓரிரு நிமிடம். பிறகு அந்தப் பொருளை மேசை நடுவில் வைத்துவிட்டு இயல்பாகப் பேசுவார்கள். கடைசிச் சுற்றில் இங்கிருந்து எதை எடுத்துச் செல்கிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டு எழுந்துபோவார்கள். மொத்தம் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். அந்த ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, மனம் கலங்கிப்போன மக்கள் யாரோடாவது பேசவேண்டும் என்று தவித்தபோது இந்த முறை பல ஊர்களுக்கும் பரவியது.

உட்காரும்போதே ஆறு விஷயங்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளவேண்டும். மனம் திறந்திருப்பது, பிறரை உள்ளபடி ஏற்பது, அறிய விரும்புவது, புதிதாக ஒன்றைக் கண்டடைவது, மனப்பூர்வமாகப் பேசுவது, சுருக்கமாகப் பேசுவது. அந்த ஆறாவதைக் கவனியுங்கள். சுருக்கமாகப் பேசு என்று ஒரு விதியே வைக்கவேண்டியிருந்தது என்றால், அங்கே வந்தவர்கள் தயங்காமல் பேசக்கூடியவர்கள், சிலர் நிறுத்தாமலே பேசக்கூடியவர்கள் என்று புரிகிறது. அவரவர் காப்பிக்கு அவரவரே காசு கொடுத்தவர்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். நாளைக்குத் தெருவில் முகம் பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள். அந்த மேசையில் ஒருவர் பேசாமல் இருந்தால் பெரும்பாலும் இன்னொருவர் இடைவெளி கொடுக்காததுதான் காரணம். கையில் உள்ள கல்லும் நிமிடக் கணக்கும் அதற்குப் போதுமான தீர்வு.

எண்ணிக்கைக்கும் காரணம் இருக்கிறது. ராபின் டன்பார் என்ற ஆய்வாளர் தம் சகாக்களோடு 1995இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மனிதர்கள் தாங்களாகக் கூடி நின்று பேசும்போது ஒரு பேச்சில் ஏறக்குறைய நான்கு பேர்தான் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று காட்டியது. ஐந்தாவது, ஆறாவது ஆள் வந்ததும் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். கல்யாண வீட்டுப் பந்தலில் நின்று பார்த்தால் நீங்களே காணலாம். ஆக எட்டுப் பேரை ஒரே பேச்சில் வைத்திருப்பது இயற்கையாக நடப்பதல்ல. யாராவது ஒருவர் பிடித்துவைத்திருக்கவேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று எட்டுப் பேருக்கு ஒரு சுற்று 16 நிமிடம். மூன்று சுற்றுக்கு 48 நிமிடம் போனால் இயல்பான பேச்சுக்கு இடம் மிஞ்சும். அதே முறையை 40 பேரோடு செய்தால் முதல் சுற்றே 80 நிமிடம். முப்பதாவது ஆளின் முறை வரும்போது முதல் ஆள் வீட்டுக்குப் போயிருப்பார். கூட்டம் கூட்டுவதற்கு முன் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி இதுபோன்ற மேசைப் பேச்சு வேறு இடங்களில் என்ன வடிவம் எடுத்தது என்று பார்ப்போம். சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் நகரில் பெர்னார் கிரெட்டாஸ் என்ற சமூகவியலாளர் 2004இல் மரணத்தைப் பற்றிப் பேசுவதற்கென்றே உணவகத்தில் மக்களைக் கூட்டினார். அதைப் பத்திரிகையில் படித்த ஜான் அண்டர்வுட் என்ற இளைஞர் 2011இல் லண்டனின் ஹாக்னி பகுதியில் 'டெத் கஃபே' தொடங்கினார். முதல் கூட்டம் கடையில் நடக்கவில்லை, அவருடைய வீட்டில் நடந்தது. மனநல ஆலோசகரான அவருடைய தாயார் அதை நடத்தினார். தேநீரும் கேக்கும் கட்டாயம். நிகழ்ச்சி நிரல் கிடையாது. வந்தவர்களை எந்த முடிவை நோக்கியும், எந்தப் பொருளை நோக்கியும், எந்தச் செயலை நோக்கியும் நகர்த்தக் கூடாது. துக்கத்தில் இருப்பவர்களுக்கான ஆறுதல் கூட்டமாகவும் இதை நடத்தக் கூடாது.

எவ்வளவு யோசித்து வைத்த விதிகள்! சாவைப் பற்றி வாய் திறப்பவரை மற்றவர்கள் உடனே சரிசெய்யப் பார்க்கிறார்கள். ஒருவர் காப்பீடு எடுத்துவைக்கச் சொல்வார், இன்னொருவர் கோயிலுக்குப் போகச் சொல்வார், மூன்றாமவர் 'அதெல்லாம் இப்போ எதுக்குப் பேசறீங்க' என்று வாயை அடைப்பார். இங்கே மௌனத்துக்குக் காரணம் அடுத்தவரின் அவசர ஆலோசனை. ஆகவே அறிவுரைக்குத் தடை போட்டார்கள். அண்டர்வுட் 2017இல் தமது 44ஆவது வயதிலேயே இரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். அவர் எழுதிவைத்த வழிகாட்டியைக் கொண்டு இதுவரை எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இந்தக் கூட்டங்கள் நடந்திருக்கின்றன.

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் பெரே மீசன் என்ற உளவியலாளர் 1997இல் தொடங்கிய 'அல்ஸைமர் கஃபே' இன்னொரு வகை. மறதி நோய் உள்ளவர்களும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாரும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். மருத்துவமனை வாடை இல்லாத ஓர் இடம். முதல் அரை மணி தேநீர், பாட்டு, நலம் விசாரிப்பு. பிறகு ஒரு மருத்துவரோ பராமரிப்பவரோ சற்றுநேரம் பேசுவார். இடைவேளை. அதன்பிறகே கேள்விகளும் கலந்துரையாடலும். கடைசியில் மறுபடி சும்மா இருந்து பேசும் நேரம். நோயாளி ஒருவர் இங்கே பேசாமல் இருப்பதற்குக் காரணம், தமக்கு மறந்துபோவதை எல்லோரும் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம். முதியோர் இல்லங்களுக்குப் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ஞாபகம் இருக்கா பாட்டி?' என்று தொடங்காதீர்கள். அது பரீட்சைக் கேள்வி. ஒரு மல்லிகைச் சரத்தையோ பழைய வெண்கல டம்ளரையோ கையில் கொடுத்து, 'இதைப் பார்த்தா என்ன தோணுது?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தப்பான பதில் இல்லை. சியாட்டிலில் பேச்சைத் தடுத்து ஒழுங்குபடுத்திய கைப்பொருள் இங்கே பேச்சைத் தொடங்கிவைக்கிறது.

வாசகர் வட்டக்காரர்களுக்கு வருகிறேன். நம் நூலகங்களில் வழக்கமாக நடப்பது என்ன? ஒருவர் நூலை அறிமுகம் செய்கிறார், இருவர் விமர்சிக்கிறார்கள், நன்றியுரை, தேநீர். நூலைப் படிக்காமல் வந்தவர் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு மெதுவாக எழுந்துபோகிறார். படிக்கவில்லை என்ற கூச்சம்தான் அவர் வாயைக் கட்டுகிறது. வேலைக்குப் போய்விட்டு இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் மனிதர் எப்போது 400 பக்கம் படிப்பார்?

இங்கிலாந்தின் லிவர்பூல் பகுதியில் ஜேன் டேவிஸ் தொடங்கிய 'தி ரீடர்' அமைப்பு இதற்கு ஒரு வழி கண்டது. யாரும் எதையும் முன்கூட்டிப் படித்துவர வேண்டியதில்லை. கதையையோ கவிதையையோ கூட்டத்திலேயே ஒருவர் உரக்க வாசிப்பார். நடுநடுவே நிறுத்துவார். யாருக்காவது ஏதாவது தோன்றினால் சொல்லலாம், தோன்றாவிட்டால் வாசிப்பு தொடரும். எழுத்தறிவு குறைந்தவரும் பேராசிரியரும் அந்த நேரத்தில் அதே வரியை முதன்முறையாகக் கேட்கிறார்கள். இந்த ஒரு மாற்றத்தால் சிறைகளிலும், மருத்துவமனைகளிலும், மறதி நோய் உள்ளவர்கள் வாழும் இல்லங்களிலும் வாசிப்புக் குழுக்கள் நடக்க முடிந்தது. நம்மிடம் கால் மணி நேரத்தில் வாசித்து முடிக்கக்கூடிய சிறுகதைகளுக்குப் பஞ்சமே இல்லை. மாதம் ஒரு கூட்டத்தையாவது இப்படி நடத்திப் பாருங்கள். முன்வரிசை விமர்சகர்களுக்குச் சற்றே சங்கடமாக இருக்கும். இருக்கட்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் சமமாக உட்காரக்கூடியவர்களின் கூட்டங்கள். நம் கிராமத்தில் கூட்டம் போடும்போது சிக்கல் ஆழமாகிறது. அங்கே யாரும் முன்பின் அறியாதவர் இல்லை. யார் யாருக்குக் கடன்பட்டவர், யார் நிலத்தில் யார் வேலை செய்கிறார், எந்தத் தெருக்காரர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டம் முடிந்து மறுநாள் காலையில் அதே தெருவில்தான் நடக்கவேண்டும். அங்கே கல்லைக் கைமாற்றினால் என்ன நடக்கும்? பெரியவர் ஒருவர் பேசுவார். அடுத்தவர், 'ஐயா சொன்னதுதான் என் கருத்தும்' என்பார். கல் சுற்றிவிட்டு வந்துவிடும். விதி காப்பாற்றப்பட்டது, உரையாடல் நடக்கவில்லை.

இதற்கு மிகப் பழைய தீர்வு ஒன்று உண்டு. யூதர்களின் மிஷ்னா சட்டத் தொகுப்பு, மரண தண்டனை வழக்குகளில் நீதிபதிகள் கருத்துச் சொல்லும்போது இளையவர் பக்கமிருந்து தொடங்கவேண்டும் என்று விதிக்கிறது. மூத்தவர் முதலில் சொல்லிவிட்டால் இளையவர் மறுத்துப் பேசத் தயங்குவார் என்பதுதான் காரணம். நம் கூட்டங்களிலும் சுற்றைத் தொடங்கும் இடத்தை நடத்துபவர் முன்பே யோசித்துவைக்கவேண்டும். பெரியவர்களை அவமதிக்கவேண்டியதில்லை. 'ஐயா எல்லாரும் பேசினதைக் கேட்டுட்டு நிறைவா சொல்லுங்க' என்று மரியாதையாகவே அவர்களைக் கடைசிக்கு நகர்த்தலாம். அவர்கள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள்.

உட்காரும் இடத்தையும் பாருங்கள். பத்து பிளாஸ்டிக் நாற்காலி, மீதிப் பேருக்கு ஜமக்காளம் என்று போட்டால், யார் பேசவேண்டும் யார் கேட்கவேண்டும் என்று கூட்டம் தொடங்குமுன்பே அறிவித்துவிட்டோம். ஒன்று எல்லோருக்கும் நாற்காலி, அல்லது எல்லோருக்கும் ஜமக்காளம். முழங்கால் வலிக்காரருக்கு மட்டும் நாற்காலி. கூடும் இடமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் கிராம சபைக் கூட்டத்தை மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் நடத்தக் கூடாது என்று அரசின் அறிவுறுத்தல் இருக்கிறது. குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்தவேண்டும் என்றும் இருக்கிறது. அவை வெறும் அலுவலகச் சடங்குகள் அல்ல. கோயில் முன்மண்டபத்தில் கூட்டம் போட்டால் யார் வரமாட்டார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஊர்த் தெருவிலேயே எப்போதும் நடந்தால் காலனிக்காரர் விருந்தாளிபோல் ஓரமாக நிற்பார். காலனியில் நடக்கும் நாளில் அவரே வீட்டுக்காரர், அவருக்குத்தான் குரல் இயல்பாக வரும்.

கிராம சபையைப் பற்றி இன்னும் சற்று விரிவாகப் பேசவேண்டும். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள் என்ற நான்கு நாட்களோடு, மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என்ற இரண்டையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை நம் ஊராட்சிகளில் இந்தச் சபை கூடவேண்டும். மாநிலத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய கலந்துரையாடல் ஏற்பாடு இதுதான். குறைந்தபட்ச வருகை ஊராட்சியின் மக்கள்தொகைக்கு ஏற்ப 50 பேரிலிருந்து 300 பேர்வரை. மறுபடி பெருக்கிப் பாருங்கள். நூறு பேர் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினால் 200 நிமிடம். அது நடக்காத காரியம். ஆகவே என்ன நடக்கிறது? தலைவர் பேசுகிறார், செயலர் பொருள்களை வாசிக்கிறார், குரல் ஓங்கிய ஐந்தாறு பேர் கேள்வி கேட்கிறார்கள், நூறு நாள் வேலை அட்டையோடு வந்த பெண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள்.

கேரளத்தில் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது இதே சிக்கலைச் சந்தித்தார்கள். திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம்வரை உள்ளாட்சிகளுக்குப் போகும், எதற்குச் செலவிடுவது என்று மக்கள் பேசி முடிவெடுக்கவேண்டும் என்றார்கள். பெரிய கூட்டத்தில் அது முடியாது என்று தெரிந்து, சுருக்கமான பொதுக்கூட்டத்துக்குப் பிறகு சபையை விவசாயம், குடிநீர், கல்வி, பெண்கள் மேம்பாடு என்று பொருள்வாரியாகச் சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் முன்கூட்டிப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர். கையில் கேள்விப் பட்டியல். பேசி முடித்ததும் ஒவ்வொரு குழுவும் பொதுக்கூட்டத்துக்குத் திரும்பிவந்து தங்கள் முடிவைச் சொல்லும். சியாட்டில் காப்பிக்கடைக்கு ஐந்தாண்டு முன்பே, பள்ளிக்கூட மரத்தடியில் அதைவிடப் பெரிய வேலையை நம் பக்கத்து மாநிலத்துக்காரர்கள் செய்து காட்டினார்கள். பயிற்சி முகாம்களில் வெளிநாட்டு முறைகளை அடுக்கும் நண்பர்கள் இதை அதிகம் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பெண்கள் பேசுவதில்லை என்று தலைவர்கள் குறைப்படுகிறார்கள். கூச்சம் என்று காரணம் சொல்கிறார்கள். அமெரிக்காவில் கார்போவிட்ஸ், மெண்டல்பெர்க் என்ற இரு அரசியலறிஞர்கள் ஐந்து பேர் கொண்ட குழுக்களை வைத்துச் சோதனை செய்து 2014இல் நூலாகவே எழுதினார்கள். பெரும்பான்மை வாக்கால் முடிவு என்ற விதி உள்ள குழுவில் பெண்கள் சிறுபான்மையாக இருந்தால், தங்கள் பங்குக்கு மிகக் குறைவாகவே பேசினார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு என்று விதியை மாற்றியதும் அந்த ஏற்றத்தாழ்வு குறைந்தது. பெண்கள் மாறவில்லை, விதி மாறியது. பெண்கள் நிறையப் பேர் இருக்கும் குழுவில் பேச்சும் கூடியது. கூச்சம் என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பெரும்பகுதி நாம் போட்ட ஏற்பாட்டின் விளைவு என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். ஆகவே கலப்புக் குழுவில் ஒரே ஒரு பெண்ணை உட்காரவைத்துவிட்டு, பிரதிநிதித்துவம் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதி அடையாதீர்கள். நான்கைந்து பேராகச் சேர்த்து உட்காரவையுங்கள். அல்லது முதலில் தனியே பேசவிட்டு, பிறகு பொதுச் சபைக்கு வரச்சொல்லுங்கள்.

அப்படித் தனியே பேசும் இடம் நம்மிடம் தயாராகவே இருக்கிறது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் குழுக்கள் இன்று தெருவுக்குத் தெரு இருக்கின்றன. 12 முதல் 20 பேர். வட்டமாக உட்காரும் வழக்கம். கூடுவதற்கு நாளும் நேரமும் நிலைத்துவிட்டன. யாரும் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வட்டம் பணத்துக்காக உருவானது என்பதை மறக்கக் கூடாது. சேமிப்பு வசூல், கடன் தவணை, தீர்மான நோட்டு, கையெழுத்து. அத்தோடு எழுந்துவிடுவார்கள், அடுப்பில் உலை இருக்கிறது. பெண் பிள்ளையின் மேல்படிப்பைப் பற்றியோ, டாஸ்மாக் கடையைப் பற்றியோ பேசவேண்டும் என்றால் பணம் எண்ணுவதற்கு முன்னால் பேசிவிடவேண்டும். பணம் எண்ணிய பிறகு யார் தவணை கட்டவில்லை என்ற நினைப்பே மேலோங்கி நிற்கும், தவணை கட்டாதவர் அன்று வாய் திறக்கவே மாட்டார்.

ஊக்குநர்கள் என்மேல் கோபப்படாமல் இன்னொன்றையும் கேட்கவேண்டும். கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த கடனுக்கு உங்கள் பரிந்துரை தேவை. நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த வட்டத்தில் உங்களைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் துணிவிருக்காது. கணக்கைப் பற்றிய கூட்டத்தை நீங்கள் நடத்துங்கள். வீட்டு வன்முறை, குடி, கந்துவட்டி போன்றவற்றைப் பேசும் நாளில் பக்கத்துத் தெருக் குழுவின் ஊக்குநரை அழைத்து நடத்தச் சொல்லுங்கள், நீங்கள் போய் அவருடைய குழுவில் நடத்துங்கள். இது உங்கள் திறமையைக் குறைத்துச் சொல்வதல்ல. அதிகாரம் கையில் உள்ளவர் நடத்தும் உரையாடலுக்கு எங்கும் உள்ள எல்லை இது. தலைமை ஆசிரியர் நடத்தும் ஆசிரியர் கூட்டத்துக்கும், கணவர் நடத்தும் குடும்ப ஆலோசனைக்கும் இதே எல்லைதான்.

பள்ளியைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. நம் வகுப்பறையில் பிள்ளைகள் பேசாமல் இருப்பதில்லை, கோரஸாகப் பதில் சொல்கிறார்கள். 'புரிஞ்சுதா?' 'புரிஞ்சுது சார்!' அந்தக் கூட்டுக் குரலுக்குள் ஒளிந்துகொள்ள நாற்பது பேருக்கும் இடம் இருக்கிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, அதுவரை பேசாத பிள்ளைகள் பேசினார்கள், பிள்ளைகள் தாங்களே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். மூன்று விநாடி என்பது கேட்கச் சிறியது. வகுப்பின் முன்னால் நின்று வாய்மூடிக் காத்திருந்து பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். முதலில் பக்கத்தில் இருப்பவரோடு இருவர் இருவராகப் பேசவிட்டுப் பிறகு பொதுவாகக் கேட்டால் கோரஸ் தானாகக் கலைந்துபோகும்.

திரை வழியாக நடக்கும் கூட்டங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு. இணையத் தாமதம் சில வேளை அதைவிட அதிகம். நம் காதுக்குப் பழகிய தாளமே கெட்டுப்போகிறது. எனவே திரையில் நடத்துபவர் பெயர் சொல்லி அழைக்கவேண்டும். இப்போது பேசுபவர் யார், அடுத்தவர் யார் என்று இரண்டு பெயரையும் சொல்லவேண்டும். நேரில் நடத்தும் நேரத்தில் பாதி போதும்.

காது கேளாத நண்பர்கள் கலந்துகொள்ளும் வட்டத்தில் அந்தக் கைப்பொருளையே விட்டுவிடவேண்டும். சைகை மொழி பேச இரண்டு கையும் வேண்டும். கல்லைக் கையில் கொடுத்தால் பேசும் உரிமையைக் கொடுத்துப் பேச்சைப் பறித்ததாகிவிடும். எல்லோர் முகத்திலும் வெளிச்சம் விழவேண்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டி யாரும் உட்காரக் கூடாது. பார்வை இல்லாத நண்பர்கள் இருந்தால் ஒவ்வொருவரும் பெயர் சொல்லிவிட்டுப் பேசவேண்டும், தலையசைப்பைக்கூட வாயால் சொல்லவேண்டும். இவற்றை ஒரு சலுகைபோல் அறிவிக்காதீர்கள். கூட்டத்தின் விதியாகவே வைத்துவிடுங்கள்.

கடைசியாக, பேசியது என்ன ஆகும் என்ற கேள்வி. டெத் கஃபேயில் முடிவு எடுக்கக் கூடாது, எடுத்தால் கெட்டுவிடும். வாசகர் வட்டத்திலும் தேவையில்லை. கிராம சபையில் முடிவு எடுக்காமல் கலைந்தால் அது மக்களுக்குச் செய்யும் துரோகம். எங்கள் ஊரில் கருத்துக் கேட்டுப் போனவர்கள் ஏராளம், திரும்பி வந்தவர் யாரும் இல்லை என்று சொல்லும் மக்களிடம் மறுபடி போய் மனம் திறந்து பேசுங்கள் என்றால் அவர்கள் ஏன் பேசவேண்டும்? அவர்கள் பேசாமல் இருப்பதற்குக் கூச்சமோ பயமோ காரணம் இல்லை, அனுபவம்தான் காரணம். ஆகவே எந்தக் கூட்டமானாலும் முதல் இரண்டு நிமிடத்தில், இன்று பேசுவதை வைத்து என்ன செய்யப்போகிறோம், எது நம் கையில் இல்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

வரும் கிராம சபைக்கு முன்னால் உங்களில் சிலராவது ஒன்று செய்யவேண்டும் என்று கேட்கிறேன். சபைக்கு ஒரு வாரம் முன்பு, தெருவுக்கு ஒரு வட்டமாக, எட்டு எட்டுப் பேரை ஒரு மணி நேரம் உட்காரவையுங்கள். இளையவரிலிருந்து தொடங்கி ஒரு சுற்று, மறுபடி ஒரு சுற்று, பிறகு பேச்சு. ஒவ்வொரு தெருவும் இரண்டே இரண்டு கோரிக்கையை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளட்டும். அதைச் சபையில் வாசிப்பதற்கு வழக்கமாகப் பேசும் ஆளை அனுப்பாதீர்கள், அந்த வட்டத்தில் முதன்முறையாகப் பேசியவரையே அனுப்புங்கள், துணைக்கு மூன்று பேர் பக்கத்தில் நிற்கட்டும். தீர்மானம் எழுதப்பட்டதும் உரக்க வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் சொன்னது அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.